நோய்க்கும் ஒரு தகுதி

குளச்சலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ்ஸில் நான் நெடுங்காலம் கண்டக்டராக இருந்தேன். அந்தத் தடத்தில் எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும், எதில் தண்ணீர் வராது, எதன் சாவி எந்தக் கடைக்காரரிடம் இருக்கும் என்பதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்த மனிதன் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருங்குடலில் புண் வந்தவனுக்கு ஊர் அப்படித்தான் தெரியும். தக்கலை என்றால் மற்றவர்களுக்குச் சந்தை நினைவுக்கு வரும். எனக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கதவு நினைவுக்கு வரும்.

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த வருஷம்தான் முதன்முதலாக ரத்தம் போனது. மூலம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்களுக்குக் கீழே ரத்தம் போனால் அது மூலம்தான், வேறு எதற்கும் அங்கே இடம் கிடையாது. மூலத்துக்கு உண்டான பொடிகளை எல்லாம் தின்றுவிட்டு, ஒரு நாளில் பஸ்ஸை எத்தனை தடவை நிறுத்தினோம் என்ற கணக்கே தப்பிப்போன பிறகு நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் குழாய் விட்டுப் பார்த்தார். அரை மயக்கத்தில் இருந்தவனுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

நான் அதுவரை என் குடலைப் பற்றி யோசித்ததே இல்லை. சோறு போகும், வெளியே வரும், அவ்வளவுதான். திரையில் பார்த்தபோது ஒரு நீளமான குகை, ஈரமாக மினுங்கிக்கொண்டு, மெல்ல மெல்லச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து வெளிச்சமே படாத இடம். அதில் இப்போது ஒரு விளக்கு ஊர்ந்து போகிறது. சுவரெல்லாம் சிவந்து, அங்கங்கே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் புண்ணைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ, இவ்வளவு அடிபட்டுக் கிடந்தும் இது நான் சொல்லாமலே வேலை பார்க்கிறதே என்றுதான் தோன்றியது. பயம் வரவேண்டிய நேரத்தில் மலைப்பு வந்தது. அந்தக் கோளாறு எனக்கு அப்போதிருந்தே உண்டு.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொன்னார். தீராது, அடக்கி வைக்கலாம் என்றார்.

அடங்கியும் அடங்காமலும் வருஷங்கள் போயின. என் பஸ்ஸில் ஒரு ஏற்பாடு தானாக உண்டாயிற்று. நான் ஒரு குறிப்பிட்ட மாதிரி, நீளமாக ஒரு விசில் அடித்தால் டிரைவர் எதையும் கேட்காமல் ஓரம் கட்டுவார். நான் குதித்து ஓடுவேன். பஸ் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போகிற ஜனம் அத்தனையும் அதற்குள் உட்கார்ந்திருக்கும். ஒருவர்கூட ஹாரன் அடிக்கச் சொன்னதில்லை. பஸ் ஒரு நிமிஷம் தாமதமானால் கண்டக்டரின் அப்பன் பேரைக் கேட்கிற ஊர் இது. அந்த ஜனம் எனக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததை நினைத்தால் இன்றும் என்னால் நம்ப முடிவதில்லை.

அந்த ஜனத்தில் ஒரு மீன்காரி அக்கா உண்டு. குளச்சல் கரைக்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். தினமும் காலையில் மீன் கூடையோடு ஏறி, ஊர் ஊராக இறங்கி விற்கிறவள். ஆரம்பத்தில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி பஸ் முழுக்க நாறும். எனக்கோ மூக்குமேல் கோபம்.

“தண்ணி ஒழுகுது பாரு. அடுத்த பஸ்ஸில வா.”

“அடுத்த பஸ்ஸில ஏறினாலும் இதே மீனுதான் மக்கா ஒழுகும்” என்பாள் நகராமல்.

என் முகம் மாறியதை முதலில் கவனித்ததும் அவள்தான். ஒரு நாள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கையை விடாமல் பிடித்தாள். “ஏ மக்கா, என்ன இப்பிடி வெளுத்துக் கெடக்க? வயித்துல என்னவாக்கும்?” அவள் உரக்கக் கேட்டால் பஸ் முழுக்கக் கேட்கும். அன்றைக்கு என் வயிறு பொதுச்சொத்து ஆகிவிட்டது.

மறுநாள் அவள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். “மாதுளத்தோடு அவிச்ச வெள்ளமாக்கும். கண்ண மூடிட்டுக் குடி.” அவள் புருஷன் குடித்துக் காலி செய்த பிராந்தி பாட்டிலில், மாதுளைத் தோலை வேகவைத்த தண்ணீர். நான் சாமியார்மடம் பக்கத்தில் அதை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

“என்னவேய் இது, டூட்டியிலயா?”

நான் பேசுவதற்குள் அக்கா கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். “சாரே, மோந்து பாத்துட்டுப் பேசும்.”

அவர் மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கிப் போனவர், அடுத்த முறை செக்கிங்குக்கு வந்தபோது வில்வக்காய்ப் பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.

அப்படித்தான் தொடங்கியது. கொய்யா இலைச் சாறு, குடசப்பாலைப் பட்டை, மாங்கொட்டைப் பருப்பு, சீந்தில் கொடி. நெற்றியில் நாமம் இட்ட அய்யாவழிப் பெரியவர் ஒருவர் அருகம்புல்லை அரைத்து டிபன் பாக்ஸில் கொண்டுவருவார். ஒருவர் தந்ததைக் குடித்துவிட்டு இன்னொருவர் தந்ததை வேண்டாம் என்றால் அது வருத்தம், ஜாதி மதம் வரைக்கும் போகிற வருத்தம். அதனால் எல்லாவற்றையும் குடித்தேன். சமயத்தில் குணம் தெரியும், சமயத்தில் தெரியாது. ஆஸ்பத்திரி மாத்திரையும் அப்படித்தானே இருந்தது?

பிறகு எதற்கும் அடங்காத காலம் வந்தது. வீரியமான மாத்திரைகளால் என் முகம் உப்பியது. புதிதாகப் பார்த்தவர்கள் கண்டக்டர் நல்லா தடிச்சிட்டாரே என்று சந்தோஷப்பட்டார்கள். நாகர்கோவில் டாக்டர் கையை விரித்து, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குடல் டாக்டர் ஒரு அம்மா, மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகப் பேசுகிறவர். பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட வேண்டியிருக்கலாம் என்றார். வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன்மேல் ஒரு பை ஒட்டிவிடுவார்கள். எல்லாம் அதில் வந்து சேரும்.

நான் செத்துப்போனேன் என்றே நினைத்தேன். காலை நேரத்தில் என் பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படிக்கட்டிலிருந்து பின் சீட்டுவரை ஜனத்தைப் பிளந்துகொண்டுதான் போகவேண்டும். முதுகும் முழங்கையும் கூடையும் நாலு பக்கமும் நெருக்கும். வயிற்றில் மலப்பையை ஒட்டிக்கொண்டு அதற்குள் நான் எப்படி நுழைவேன்? பை பிய்ந்தால் என்ன ஆகும்? நாற்றம் என்று அந்த அக்காவை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். இனி என் பக்கத்தில் யார் நிற்பார்கள்? கண்டக்டர் வேலையைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு புது மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது. அதில் சேர முடிந்தால் ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் உங்களைச் சேர்க்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.”

சேர்க்க முடியுமா என்றால்? எனக்கு நோய் இருக்கிறது, அவர்களிடம் மருந்து இருக்கிறது, நடுவில் என்ன பார்ப்பது?

ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த நர்ஸ் குழித்துறைப் பக்கத்துப் பெண், எங்கள் பாஷையே பேசினாள். அவள் விளக்க விளக்க நான் வாயைப் பிளந்தேன். குடல் நோய் இந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும், இந்த அளவைத் தாண்டக்கூடாது. நெஞ்சில் சளி நோய் இருக்கக்கூடாது. ரத்தம் குறைந்திருக்கலாம், ரொம்பக் குறையக்கூடாது. ஈரல் நன்றாக இருக்க வேண்டும். சேர்ந்தவர்களிலும் சிலருக்குத்தான் மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. இதை எல்லாம் ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்! நான் வேலைக்குத் தேர்வு எழுதியிருக்கிறேன், உயரம் பார்த்திருக்கிறார்கள், கண் பார்த்திருக்கிறார்கள். நோய்க்கும் ஒரு தகுதி உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. உலகத்தில் எங்கோ சில பேர் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு கண்டக்டரின் ஈரல் இந்த மருந்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே கவலைப்பட்டிருக்கிறார்கள். அது எனக்குக் கோயிலுக்குள் நிற்பதுபோல இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது நர்ஸ் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யோசனையாக இருந்தாள். ஈரல் சம்பந்தப்பட்ட ஒரு எண் கூடியிருந்தது.

“குடிப்பியளா அண்ணா?”

“கெடையாது.”

“வேற மருந்து ஏதாவது எடுக்கியளா?”

“இல்ல.”

“நாட்டு மருந்து?”

“இல்லவே இல்ல.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் தொடையில் இடித்தாள். “இஞ்சேருங்கோ, பஸ்ஸில குடிக்கது?”

“அது மருந்தா?”

“பின்ன என்னவாம், சர்பத்தா?”

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மருந்து என்றால் கடையில் வாங்குவது, வைத்தியர் கொடுப்பது. வேண்டியவர்கள் வீட்டில் அவித்துக் கையில் கொடுத்ததைக் குடிப்பது மரியாதை. அதைப் போய் ஆஸ்பத்திரியில் யாராவது சொல்வார்களா? என் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள். அப்புறம் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பையும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் அம்மா திட்டவில்லை. “எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இலை, பட்டை, பொடி எதுவும் வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்போம். எண் இறங்கினால் சேர்த்துக்கொள்ளலாம். இறங்காவிட்டால் முடியாது” என்றார்.

ஆபரேஷனா மருந்தா என்பது இப்போது அந்த ஒரு எண்ணில் தொங்கியது. அந்த எண்ணோ என் பஸ் ஜனத்தின் கையில் இருந்தது. ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு நாள் காலையில் பஸ் இரணியலைத் தாண்டியதும், ஸ்டாப் பேர் சொல்கிற குரலில் கத்தினேன்.

“எல்லாரும் ஒண்ணு கேளுங்கோ. எனக்க ஈரலு செரியில்லன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. இனி யாரும் குடிக்க ஒண்ணும் தரப்பிடாது. தந்தா எனக்கு மருந்து கெடைக்காது.”

அக்கா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இறங்கும்போது, எப்போதும் ஊரைக் கூட்டுகிற அந்தக் குரலை எங்கே வைத்தாளோ, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: “நாங்க தந்த வெள்ளமா மக்கா உனக்க ஈரல கெடுத்துது?”

பதிலுக்கு விசிலை அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அதிசயம் என்பேன். எங்கள் ஜனத்தால் ஒன்றைக் கொடுக்காமல் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்தவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்காமல் அனுப்பினால் அன்றைக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர்கள் அந்த வாரங்கள் முழுவதும் வெறுங்கையோடு ஏறினார்கள். புதிதாக யாரோ ஒரு ஆள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு கீழாநெல்லி நல்லது என்று வாயெடுத்தார். பின் சீட்டிலிருந்து நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். அருகம்புல் பெரியவர் ஏறியதும் கைகளை விரித்துக் காட்டுவார், ஒன்றும் கொண்டுவரவில்லை என்பதற்கு அடையாளமாக. பிறகு கண்ணை மூடி எனக்காக வேண்டிக்கொள்வார். அக்கா எனக்காக மாதாவிடம் நேர்ந்திருப்பதாக டிரைவர் சொன்னார். என் மனைவி வீட்டில் சுக்குக் காப்பியைக்கூட நிறுத்தினாள். கொடுப்பது சுலபம், கொடுக்கத் துடிக்கிற கையைப் பிடித்துவைப்பது லேசில்லை. ஒரு பஸ் நிறைய ஜனம் அதைச் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நர்ஸின் போன் வந்தபோது பஸ் மார்த்தாண்டம் சந்திப்பில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது.

“அண்ணா, எண்ணு எறங்கல்ல. இன்னும் கொஞ்சம் கூடியிருக்கு. ஆராய்ச்சியில சேக்க முடியாது.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “ஈரலும் கொடலும் நல்லா இருக்கவன் எதுக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு வாறான்? நல்லா இருக்கவனுக்குத்தான் மருந்தா? என்ன நியாயம் இது?” என்று சுற்றியிருந்த வண்டிகளின் ஹாரனையும் மீறிக் கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் நான் கத்தி முடிக்கும் வரை போனை வைக்கவில்லை. பிறகு சொன்னாள்: “டாக்டர் உங்கள ஒரு ஸ்கேனுக்கு வரச் சொன்னாங்க அண்ணா. ஆராய்ச்சிக்கு இல்ல. உங்களுக்கு.”

நான் போனை வைத்ததும் அக்கா கேட்டாள். “வெள்ளத்த நிறுத்தின பெறவும் எறங்கல்லியா?”

“இல்ல.”

“அப்போ நாங்க இல்ல. இல்லியா மக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. அத்தனை பேரும் அத்தனை நாளாக நெஞ்சில் கல்லைச் சுமந்திருக்கிறார்கள். எனக்கு வழி அடைத்துப்போன அதே நிமிஷத்தில் அவர்களுக்கு விடுதலை. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று அவள் உடனே வெட்கப்பட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்கேன் படத்தை டாக்டர் அம்மா விளக்குப் பலகையில் மாட்டினார். கறுப்பு நடுவில் ஒரு வெள்ளை மரம் நின்றது. ஈரலுக்குள் பித்தம் ஓடுகிற குழாய்கள் என்றார். நல்ல ஈரலில் அந்தக் கிளைகள் ஒரே சீராக மெலிந்துகொண்டு போகும். என்னுடையதில் அங்கங்கே சுருங்கியும் இடையில் வீங்கியும் மணி கோத்தது போல இருந்தது. குடலில் புண் இருக்கிற சிலருக்கு இது வரும், ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. முன்பு பார்த்த பரிசோதனைகளிலும் அந்த எண் லேசாகக் கூடித்தான் இருந்திருக்கிறது. மாத்திரையால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆராய்ச்சிக்குத் தகுதி பார்த்தபோதுதான் விடாமல் பிடித்தார்கள்.

“குடல் எங்கே, ஈரல் எங்கே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டேன்.

குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் அத்தனையும் முதலில் ஈரலுக்குத்தான் போகும் என்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். எந்தத் தடத்தில் ஓடிய வண்டியும் கடைசியில் டிப்போவுக்கு வந்துதானே ஆகவேண்டும், அது மாதிரி. நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள்ளே இப்படி ஒரு மரம் நின்றிருக்கிறது, ஒரு தடவைகூட வலித்துச் சொன்னதில்லை. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் என்னை வேண்டாம் என்று சொன்னதால்தான் அது கண்ணில் பட்டது. சேர்த்திருந்தால்?

மருந்து என்ன என்று கேட்டேன். அதைக் குணப்படுத்தும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஒரு மருந்தும் இல்லை, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். ரொம்பக் கெட்டுப்போனால் வேறு ஒருவரின் ஈரலை வைக்க வேண்டிவரும். பெருங்குடல் இல்லாமல் வாழலாம், ஈரல் இல்லாமல் முடியாது என்று மட்டும் நான் புரிந்துகொண்டேன்.

பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். நான் பயந்த பை வயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டது. மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தக்கலை தாண்டியதும் நான் விசில் அடிக்காமலே டிரைவர் ஓரம் கட்டினார், பழைய நினைப்பில். ஜனம் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. நான் படிக்கட்டிலேயே நின்றேன். போகவேண்டிய அவசியம் இல்லை. இத்தனை வருஷத்தில் முதன்முதலாக, அந்தத் தகரக் கதவு எங்கே இருந்தால் எனக்கென்ன! “எடு வேய் வண்டிய” என்று கத்தினேன். நெரிசலில் பை பிய்யவும் இல்லை, என் பக்கத்தில் யாரும் நிற்காமல் இருக்கவும் இல்லை. எதைக் கண்டு நடுங்கினேனோ அதுதான் என்னை நிமிர்ந்து நடக்கவிட்டது.

ஈரல் மட்டும் உள்ளே சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குச் சில வருஷம் கழித்து அந்த நர்ஸ் மறுபடி போன் செய்தாள். பெருங்குடல் புண் வந்தவர்களின் ஈரலைப் பற்றித் தனியாக ஒரு ஆராய்ச்சி தொடங்குகிறார்களாம். “இதுல நீங்க தகுதியான ஆளு அண்ணா” என்றாள். அவள் குரலில் எனக்கு வேலை கிடைத்த மாதிரிச் சந்தோஷம். எந்தக் குறைக்காக அன்றைக்குத் தள்ளினார்களோ அதே குறைக்காக இன்றைக்குக் கூப்பிடுகிறார்கள். இதில் மருந்து கிடையாது. வருஷா வருஷம் ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, நோய் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு முன்னால் இப்படிப் பலனில்லாமல் கை நீட்டியவர்களால்தான் அந்த டாக்டர் அம்மாவுக்கு என் வெள்ளை மரத்தைப் படிக்கத் தெரிந்தது. சரி என்றேன்.

“இன்னும் ஒண்ணு. ஒரு நோயும் இல்லாதவங்களும் வேணும் அண்ணா. உங்க வயசு, உங்க பக்கத்து ஆளுங்க. ரத்த சொந்தமா இருக்கக்கூடாது. நல்ல ஈரல பாத்தாத்தான கெட்டதுல என்ன மாறியிருக்குன்னு தெரியும்?”

பஸ்ஸில் சொன்னேன். வரிசையாக வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சர்க்கரை. பெரியவருக்கு வயது கூடுதல். என் மனைவிக்குத் தைராய்டு மாத்திரை. பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள், தினமும் அரிஷ்டம் குடிக்கிறவர்கள் எல்லாரும் கழிந்தார்கள். டிரைவர், “ஈரலத் தவிர வேற என்ன வேணும்னாலும் கேளு மக்கா” என்று கும்பிட்டுவிட்டார். சுகமாக இருக்கிறேன் என்று சொல்கிற ஜனத்தில் நிஜமாகவே சுகமாக இருப்பவர்கள் இவ்வளவு கொஞ்சமா என்று திகைத்துப்போனேன்.

அக்காவை மட்டும் நான் கேட்கவில்லை. அவளை அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே இழுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளே வழிமறித்தாள்.

“என்ன மட்டும் ஏன் கேக்கல்ல? வெள்ளம் தந்தவளாக்கும் நான். ரத்தம் தரமாட்டனா?”

ஆடி மாதத்தில் கடல் கொந்தளித்து வள்ளம் இறக்காத ஒரு நாள், கூடை இல்லாமல், கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு அவள் என்னோடு திருவனந்தபுரம் வந்தாள். முந்தின வாரமே பரிசோதனை செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு மாத்திரைகூடப் போடாத மனுஷி. பஸ்ஸை விட்டு இறங்கி ஊர் ஊராகத் தலைச்சுமையோடு நடந்தே ஈரலைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

நர்ஸ் அவளை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை வரவேண்டும். ஊசி குத்தும்போது வலிக்கும். எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று போய்விடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கடைசியாக, விதிப்படி சொல்லவேண்டியதைச் சொன்னாள். “இதுல உங்களுக்கு ஒரு லாபமும் கெடையாது அக்கா. அது தெரிஞ்சுதானே வந்திருக்கிய?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள், விளங்காத ஒன்றைக் கேட்டுவிட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல.

“சொகமா இருக்குதேன்லா பிள்ளே” என்றாள். “இனி என்ன லாவம் வேணும்?”

பிறகு ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, மீன் கூடையைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கையை மேஜைமேல் நீட்டினாள்.